ஸ்டோன்ஹென்ஜை மட்டும் பாத்துட்டு ஓடி வராதீங்க: சாலிஸ்பரிக்கு ரெண்டு நாள், முழு வழிகாட்டி

ஸ்டோன்ஹென்ஜ், தெற்கு இங்கிலாந்துல சாலிஸ்பரிங்கற ஊருக்குப் பக்கத்துல இருக்கிற ஆதிகாலக் கல்வட்டம். லண்டனுக்கு வர்ற நம்மாளுங்க முக்காவாசிப் பேர் அதைப் பாக்குற லட்சணம் இதுதான். விடியக்காலைல எழுந்து கோச் புடிச்சு, டிராஃபிக்ல தூங்கி வழிஞ்சு, இறங்கினதும் கல்லைச் சுத்தி ஒரு ரவுண்டு, நாலு செல்ஃபி, திரும்ப அதே பஸ்ஸு அடுத்த ஊருக்கு. ராத்திரி ரூமுக்கு வந்து "என்னய்யா இது, வெறும் கல்லு, இதுக்கா இவ்ளோ காசு"ன்னு பொலம்புறது. நானும் மொதல் தடவை அப்படித்தான் பொலம்பினேன். ரெண்டாவது தடவை ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்திருந்தாங்க, அப்பாவுக்கு முட்டி வலி, கோச்செல்லாம் ஆகாதுன்னு சாலிஸ்பரியில ஒரு ராத்திரி ரூம் போட்டு நிதானமா பாத்தோம். அப்பதான் தெரிஞ்சுது, தப்பு கல்லு மேல இல்ல, நான் போன வழியில.

அதனால இந்த வழிகாட்டியில ஒரே ஒரு பிடிவாதம் இருக்கு: சாலிஸ்பரியில ஒரு ராத்திரி தங்குங்க, மொத நாள் ஓல்ட் சாரம்ங்கற பழைய ஊர் இருந்த குன்று, அப்புறம் கதீட்ரல், அதாவது பிஷப்போட பெரிய சர்ச், மறுநாள் காலைல ஸ்டோன்ஹென்ஜ். இந்த வரிசைய மாத்தாதீங்க. ஓல்ட் சாரத்தைப் பாக்காம கதீட்ரலுக்குப் போனா அந்த ஊரு ஏன் அங்க இருக்குன்னே புரியாது.

கெளம்புறதுக்கு முன்னாடி

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன்ல நேர் ட்ரெயின் இருக்கு, ஒன்றரை மணி நேரம், மாறவே வேணாம். காலைல ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம் போற ஆஃப் பீக் டிக்கெட் எடுங்க. மூணு பேரோ அதுக்கு மேலயோ சேந்து போனா குரூப்சேவ்னு ஒண்ணு இருக்கு, மூணுல ஒரு பங்கு குறையும், ரெண்டே பேர்னா டூ டுகெதர் ரயில்கார்டுன்னு ஒரு தள்ளுபடி கார்டு. நம்மாளுங்க ஏர்லைன் டிக்கெட்ல ஆயிரம் ரூபா குறைக்க ஒரு வாரம் தேடுவாங்க, இதைப் பாக்காம விட்டுருவாங்க.

கார்ல வர்றவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, ஏ303னு ஒரு ரோடு, ஸ்டோன்ஹென்ஜை ஒட்டியே போகும். அங்க வந்ததும் ஓட்டுறவங்க எல்லாரும் கல்லைப் பாக்க ஸ்லோ பண்ணுவாங்க, லீவு நாள்னா நத்தை மாதிரி ஊரும். அதுக்கு அடியில சுரங்கம் தோண்டி ரோட்டை மறைக்கிறோம்னு வருஷக்கணக்கா பேசி கடைசில 2024ல அரசாங்கம் கைவிட்டுருச்சு. ஸோ இன்னும் பல வருஷத்துக்கு அதே நத்தைதான்.

எந்த நாள் போறதுன்னு கேட்டீங்கன்னா செவ்வாய் இல்லன்னா சனி. அன்னிக்குத்தான் ஊர் நடுவுல சந்தை கூடும், 1227ல ராஜா கொடுத்த சாசனத்துல இருந்து ஓடிட்டிருக்கிற சந்தை அது. ஞாயித்துக்கெழமை கதீட்ரல்ல காலைல வழிபாடு நடக்கும், சுத்திப் பாக்க மத்தியானத்துக்கு மேலதான் விடுவாங்க. குளிர்காலம்னா சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும், எல்லாத்தையும் சீக்கிரம் மூடிடுவாங்க. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் நல்லது.

முன்கூட்டியே புக் பண்ண வேண்டியது ரெண்டே ரெண்டு. ஸ்டோன்ஹென்ஜ் டிக்கெட், கதீட்ரல் டவர் டூர். ஸ்டோன்ஹென்ஜுக்கு நேரம் குறிச்ச டிக்கெட், ஆன்லைன்ல முன்னாடியே எடுத்தா விலையும் குறைவு, காலைல மொத ஸ்லாட்டா பாத்து எடுங்க. ஸ்டோன்ஹென்ஜைப் பராமரிக்கிற இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்போட மெம்பருக்கு ஃப்ரீ, இங்கிலாந்து நேஷனல் ட்ரஸ்ட் மெம்பருக்கும் ஃப்ரீ. டூரிஸ்டா வர்றவங்களுக்கு 9 நாள், 16 நாள் பாஸ் தனியா விக்கிறாங்க, ஸ்டோன்ஹென்ஜ், ஓல்ட் சாரம், டோவர் கோட்டை மாதிரி ரெண்டு மூணு எடம் பாக்குற பிளான் இருந்தா கணக்குப் போட்டுப் பாருங்க.

டிரெஸ்ஸு: காத்தைத் தடுக்கிற ஜாக்கெட். குடை எடுத்துட்டுப் போகாதீங்க, அந்த சமவெளியில காத்து அடிச்சா குடை தலைகீழா மலரும், எங்கப்பா குடை அங்கதான் உயிரை விட்டுச்சு.

மொத நாள் காலை: ஓல்ட் சாரம்

ஸ்டேஷன்ல இறங்கி, லக்கேஜை ரூம்ல போட்டுட்டு, வடக்கால போற பஸ்ஸைப் புடிங்க. ரெண்டு மைல்தான், டாக்ஸியும் கட்டுப்படியாகும். தூரத்துல பாத்தா ஒரு பச்சைக் குன்று, உச்சியில இடிஞ்ச சுவரு, அவ்ளோதான். ஆனா இதுதான் பழைய சாலிஸ்பரி. கிறிஸ்துவுக்கு முன்னாடி இரும்புக் காலத்துல மண்ணைக் கொட்டிக் கட்டின கோட்டை, அதுக்கு நடுவுல பிரான்ஸ் பக்கத்துல இருந்து படையெடுத்து வந்த நார்மன்காரங்க இன்னொரு கோட்டைய கட்டினாங்க, பக்கத்துலயே ஒரு கதீட்ரலும் கட்டினாங்க. 1092ல அந்த கதீட்ரலைப் புனிதப்படுத்தினாங்க, அஞ்சே நாள்ல புயல் அடிச்சு சேதமாயிடுச்சு. ராசியில்லாத வீடுன்னு நம்மூர்ல சொல்லுவாங்களே அந்த மாதிரி.

அதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல அங்கயே காலத்தை ஓட்டினாங்க. குன்று மேல தண்ணிக் கஷ்டம், ஓயாத காத்து, கோட்டையில இருந்த சிப்பாய்ங்களுக்கும் சாமியாருங்களுக்கும் எப்பப் பாத்தாலும் சண்டை. கடைசில ரிச்சர்ட் பூர்னு ஒரு பிஷப்பு, போதும்டா சாமின்னு கீழ ஆத்தங்கரை புல்வெளியில புது கதீட்ரல் கட்ட முடிவு பண்ணி 1220ல அஸ்திவாரக் கல்லு வச்சாரு. புது ஊரும் அதைச் சுத்தி எழும்புச்சு. மேல இருந்து ஒரு அம்பு விட்டதாகவும், அது ஒரு மான் மேல பாஞ்சு, மான் ஓடிப்போய் விழுந்த எடத்துல கோயில் கட்டினதாகவும் ஒரு கதை சொல்லுவாங்க. ரெண்டு மைல் ஓடின மானை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

உள்கோட்டைக்கு டிக்கெட், ஆனா பழைய கதீட்ரலோட அஸ்திவாரத் தடம் வெளிப்பக்கம் புல்லுலயே தெரியும், அதுக்குக் காசு கெடையாது. அந்தத் தடம் மேல நின்னு தெக்கால பாருங்க, தூரத்துல ஊசி மாதிரி புது கதீட்ரல் கோபுரம் நிக்கும். பழைய வீட்டு வாசல்ல நின்னு புது வீட்டைப் பாக்குற மாதிரி. இதுக்காகத்தான் இங்க மொதல்ல வரச் சொன்னேன்.

இன்னொண்ணு, இது நம்மாளுங்களுக்குன்னே. ஊரு காலியான அப்புறமும் இந்தக் குன்றுக்கு பார்லிமென்ட்ல ரெண்டு சீட்டு இருந்துச்சு! குடியிருக்க ஆளே இல்ல, எங்கயோ இருக்கிற விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டருங்க வந்து, நிலத்துக்காரரு கை காட்டுற ஆளுக்கு ஓட்டுப் போட்டுட்டுப் போவாங்க. அந்த நிலத்தை 1690கள் வாக்கில வாங்கினவரு யாரு தெரியுமா, தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியை மீறி இந்தியாவுல தனியா வியாபாரம் பண்ணிக் காசு சேத்த ஆளு. அப்புறம் அதே கம்பெனி அவரையே மெட்ராஸ் கவர்னரா அனுப்புச்சு, 1698ல இருந்து 1709 வரைக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில உக்காந்து ஆண்டாரு. அங்க இருக்கும்போதுதான் 410 காரட் பட்டை தீட்டாத வைரம் ஒண்ணை வாங்கி, 1717ல பிரான்ஸ்ல சின்னப் பையனா இருந்த ராஜாவுக்குப் பதிலா ஆண்ட ரீஜென்டுக்கு வித்தாரு, இன்னிக்கும் அது பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு. அவரு பேரன் வில்லியம் பிட் இந்த ஆளில்லாத குன்றுக்கு எம்பியா 1735ல பார்லிமென்ட்டுக்குப் போனாரு, பின்னாடி நாட்டையே நடத்தினாரு. 1832லதான் இந்தக் கூத்தை சட்டம் போட்டு ஒழிச்சாங்க. சென்னையில அந்தக் கோட்டை பக்கம் பாரீஸ் கார்னர்ல பஸ்ஸுக்கு நின்னவங்க இந்தக் குன்று மேல நிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், எனக்கு இருந்துச்சு.

மொத நாள் மத்தியானம்: கதீட்ரல்

பஸ்ஸுல திரும்பி வந்து சந்தையில எதையாவது சாப்பிட்டுட்டு, ஹை ஸ்ட்ரீட் கேட் வழியா உள்ள போங்க. சுத்தி மதில், அதுக்குள்ள இருக்கிற எடத்துக்குப் பேரு க்ளோஸ், 80 ஏக்கர், ராத்திரியானா கேட்டைப் பூட்டிடுவாங்க. அந்த மதிலைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, செதுக்கின கல்லுங்க அங்கங்க ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். அதெல்லாம் காலைல பாத்தீங்களே அந்தப் பழைய கதீட்ரலோட கல்லு, பிரிச்சு எடுத்துட்டு வந்து கட்டினது.

கதீட்ரலோட பெரும்பகுதிய 1220ல ஆரம்பிச்சு 1258க்குள்ள முடிச்சுட்டாங்க, 38 வருஷம். அந்தக் காலத்துல இது ராக்கெட் வேகம், மத்த ஊர்ல எல்லாம் தலைமுறை தலைமுறையா கட்டுவாங்க, ஒரு மூலை ஒரு ஸ்டைல்ல இன்னொரு மூலை வேற ஸ்டைல்ல இருக்கும். இங்க மொத்தமும் ஒரே கையால வரைஞ்ச மாதிரி இருக்கும்.

ஆனா கோபுரம் அப்புறமா வந்தது. 14ஆம் நூற்றாண்டுல யாருக்கோ ஆசை வந்து மேல தூக்கிக் கட்டிட்டாங்க, 123 மீட்டர், பிரிட்டன்லயே உயரமான சர்ச் கோபுரம். எடை சுமாரா 6,500 டன்னு. இதெல்லாம் எது மேல நிக்குதுன்னா நாலடி ஆழ அஸ்திவாரம் மேல! நம்மூர்ல காம்பவுண்டு சுவருக்கே அவ்ளோ தோண்டுவோம். கீழ கெட்டியான சரளைப் படுகை இருக்கு, அதுல எப்பவும் தண்ணி நிக்கும், அதுதான் தாங்குது. தரையில ஒரு கல்லுத் துண்டைத் தூக்கி குச்சிய விட்டு தண்ணி மட்டம் பாப்பாங்க, வாய்ப்பு கெடைச்சா காட்டச் சொல்லிக் கேளுங்க, பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நட்டநடுவுல கோபுரத்துக்கு நேர் கீழ நின்னு நாலு பெரிய தூணையும் கீழ இருந்து மேல வரைக்கும் கண்ணால தடவிப் பாருங்க. வளைஞ்சிருக்கும். நெஜமாவே, கல்லுத் தூணு பாரம் தாங்காம வளைஞ்சு நிக்குது. கோபுரமும் சாஞ்சிருக்கு, கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர், லண்டன் செயின்ட் பால்ஸ் கட்டின கிறிஸ்டோஃபர் ரென் 1668ல வந்து இதை ஆராய்ஞ்சுட்டுப் போனாரு. எவ்ளோ சாஞ்சிருக்குன்னு தரையில அடையாளம் வச்சிருக்காங்க, தேடிப் பாருங்க.

டவர் டூர்: 332 படி, சுழல் படிக்கட்டு, சில எடத்துல ஒரு ஆள் உடம்பு நுழையுற அளவுதான். முட்டி வலி, தலைசுத்தல் இருக்கிறவங்க வேணாம். அப்பாவை கீழ பெஞ்சுல உக்கார வச்சுட்டு நான் மட்டும் போனேன். கோபுரத்தோட உள்பக்கம் அண்ணாந்து பாத்தா அந்தக் காலத்து மரச் சாரம் இன்னும் அப்படியே நிக்குது, வேலைய முடிச்சவங்க பிரிக்காமயே போயிட்டாங்க. கல்லைத் தூக்க மனுஷங்க உள்ள நடந்து சுத்தின மரச் சக்கரமும் அங்கயே இருக்கு. எனக்கு இந்த ஊர்லயே பிடிச்ச எடம் இதுதான், மேக்னா கார்ட்டாவை விட.

மேக்னா கார்ட்டா, சொல்ல மறந்துட்டேன், அதுவும் இங்கதான், சாப்டர் ஹவுஸ்ங்கற எட்டுக்கோண மண்டபத்துல. 1215ல ஜான் ராஜா சட்டத்துக்குக் கட்டுப்படுறேன்னு ஒத்துக்கிட்ட சாசனம். அன்னிக்கு எழுதின பிரதிங்கள்ல மிச்சம் இருக்கிறது நாலே நாலு, ரெண்டு பிரிட்டிஷ் லைப்ரரியில, ஒண்ணு லிங்கன்ல, ஒண்ணு இங்க. ஆட்டுத்தோல் ஒத்தைத் தாள்ல இடைவெளியே இல்லாம பொடிப்பொடியா லத்தீன். இருட்டாதான் வச்சிருப்பாங்க, கண்ணு பழக ஒரு நிமிஷம் விடுங்க. 2018ல ஒருத்தன் சுத்தியலோட வந்து கண்ணாடியை ஒடைக்கப் பாத்தான், கண்ணாடி தாங்கிடுச்சு, சாசனத்துக்கு ஒரு கீறல் கூட இல்ல. வெளிய வர்றதுக்கு முன்னாடி மண்டபச் சுவரைச் சுத்தி பைபிள் கதைய வரிசையா கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க, ஆதாம்ல ஆரம்பிச்சு மோசே வரைக்கும், அதைப் பாக்காம எல்லாரும் கியூவுலயே போயிடுறாங்க.

பழைய கடிகாரம் ஒண்ணு இருக்கு, 1386னு சொல்றாங்க, அந்த வருஷத்து மேல சில நிபுணருங்களுக்கு சந்தேகமும் உண்டு. முள்ளும் கெடையாது முகமும் கெடையாது, வெறும் இரும்புச் சக்கரம். மணி அடிக்க மட்டும்தான் அதைச் செஞ்சாங்க. கோபுரத்துல மறந்து கெடந்ததை 1920கள் கடைசில கண்டுபிடிச்சு எடுத்தாங்க.

சுத்திப் பாக்க டிக்கெட் உண்டு, ஆனா சாயங்காலம் ஈவன்சாங்னு பாட்டு வழிபாடு நடக்கும், அதுக்குப் போக காசு கெடையாது, எந்த மதத்துக்காரங்களும் போலாம், சும்மா உக்காந்து கேக்கலாம். போறதுக்கு முன்னாடி அன்னிக்கு நேரத்தை செக் பண்ணிக்கோங்க. ஆம்பளைப் பசங்க மட்டுமே பாடுற வழக்கத்தை மாத்தி 1991ல பொண்ணுங்களுக்குன்னு தனி குரூப் ஆரம்பிச்ச மொதல் இங்கிலீஷ் கதீட்ரல் இது. அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா வெளிய வந்ததும் "மார்கழி பஜனை மாதிரி இருந்துச்சுடா"ன்னாங்க.

இருட்டுறதுக்குள்ள ஹார்ன்ஹம் பக்கம் ஆத்தோரப் புல்வெளிக்கு நடங்க, டவுன் பாத்னு போர்டு இருக்கும், இருபது நிமிஷம். கான்ஸ்டபிள்ங்கற ஓவியர் இந்த கதீட்ரலைப் புல்வெளியில இருந்து வரைஞ்ச படம் உலகப் பிரசித்தம். ஃபோட்டோ எடுக்கணும்னா இங்க எடுங்க, கோபுரத்துக்குக் கீழ நின்னு எடுத்தா மூக்குதான் தெரியும்.

ஊர்க்காரங்க பேச்சுல 2018 வரும். முன்னாள் ரஷ்ய உளவாளி ஒருத்தருக்கு இங்க விஷம் வச்சாங்க, கொஞ்ச மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாத ஒரு உள்ளூர்ப் பொண்ணு அதே விஷத்துல செத்துப்போனாங்க. பிரிட்டன் குற்றஞ்சாட்டின ரெண்டு பேரும் ரஷ்ய டிவியில வந்து, நாங்க 123 மீட்டர் கோபுரத்தைப் பாக்க வந்த டூரிஸ்டுன்னு சொன்னாங்க. உயரத்தை கரெக்டா சொன்னாங்க, அதை மட்டும் ஒத்துக்கணும்.

ரெண்டாம் நாள்: ஸ்டோன்ஹென்ஜ்

சாலிஸ்பரி ஸ்டேஷன்ல இருந்தே ஸ்டோன்ஹென்ஜ் டூர் பஸ் போகுது, அரை மணி சொச்சம். இறங்குற எடம் விசிட்டர் சென்டர், கல்லு அங்க இருந்து ரெண்டரை கிலோமீட்டர். ஷட்டில் பஸ் ஃப்ரீ. ஆனா நடக்க முடிஞ்சவங்க போகும்போது புல்வெளி வழியா நடங்க, திரும்பும்போது பஸ்ஸுல வாங்க. நடந்து போனாதான் அந்தக் கல்லு மெல்ல மெல்ல வானத்துக்கு எதிரா எழும்பி வர்றது தெரியும், வழியெல்லாம் மண் மேடுங்க, எல்லாம் பழைய சமாதி. அம்மா அப்பாவை ஷட்டில்ல ஏத்திவிட்டுட்டு நான் நடந்தேன்.

மியூசியத்தை அப்புறம் பாருங்க. கோச்சுங்க வந்து சேர்றதுக்குள்ள கல்லுக்குப் போயிடணும்.

கல்லுக்கு நடுவுல போக முடியாது, கயிறு கட்டியிருக்கும், சுத்தி நடக்கலாம். உள்ள போயே ஆகணும்னா காலைல திறக்குறதுக்கு முன்னாடியும் சாயங்காலம் மூடினதுக்கு அப்புறமும் தனி டிக்கெட்ல கொஞ்சம் பேரை விடுவாங்க, மாசக்கணக்குல முன்னாடியே புக் ஆயிடும். ஜூன்ல நீண்ட பகல் நாள் விடியலுக்கும் டிசம்பர்ல குறுகின பகல் நாளுக்கும் எல்லாரையும் ஃப்ரீயா உள்ள விடுவாங்க, ஆனா அது திருவிழாக் கூட்டம்.

என்ன பாக்கணும்? மொதல்ல பெரிய கல்லு, பேரு சார்சன், ஒண்ணு சராசரியா 25 டன்னு, கி.மு. 2500 வாக்கில நிறுத்தினது. எங்க இருந்து வந்துச்சுன்னு 2020ல கண்டுபிடிச்சாங்க, வடக்கால 25 கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற ஒரு காட்டுல இருந்து. உள்ள இருக்கிற சின்னக் கல்லுங்க ப்ளூஸ்டோன், அது வேல்ஸ்ல இருந்து, 200 கிலோமீட்டருக்கும் மேல. நடுவுல படுத்துக் கெடக்கிற பீடக் கல்லு ஸ்காட்லாந்தோட வடகிழக்குல இருந்து வந்ததுன்னு 2024ல சொன்னாங்க, குறைஞ்சது 700 கிலோமீட்டர், பிரிட்டனுக்கு சக்கரமே வராத காலத்துல! அந்தக் கல்லு ரோட்டுல வந்துச்சா கடல்ல வந்துச்சான்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க.

அப்புறம் தனியா நிக்கிற உயரமான கல்லோட தலையைப் பாருங்க, மேல ஒரு முளை துருத்திட்டு இருக்கும். மேல படுக்க வச்ச கல்லுல குழி, கீழ நிக்கிற கல்லுல முளை, ரெண்டையும் பொருத்தியிருக்காங்க. தச்சர் மரத்துக்குப் பண்ற வேலைய அப்படியே கல்லுக்குப் பண்ணியிருக்காங்க. எங்கப்பா தச்சர் பரம்பரை, அரை மணி நேரம் அந்த ஒத்தை முளையைப் பாத்துட்டே நின்னாரு. "மரத்துல பழகின கைய்யிடா இது"ன்னாரு. எந்த ஆடியோ கைடும் எனக்கு அதை அவ்ளோ சுருக்கமா சொல்லல.

எல்லாம் அப்படியே 4,500 வருஷமா நிக்குதுன்னு நெனைக்காதீங்க, 1901ல இருந்து 1964 வரைக்கும் சாஞ்சதையும் விழுந்ததையும் நிமித்தி கான்க்ரீட் போட்டிருக்காங்க. ட்ரூயிட் பூசாரிங்க கட்டினதுன்னு யாராவது சொன்னாலும் நம்பாதீங்க, அவங்க வந்தது அதுக்கு ரெண்டாயிரம் வருஷம் அப்புறம்.

ஒரு காலத்துல இது தனியார் சொத்து. 1915ல சாலிஸ்பரியில ஏலம் விட்டாங்க, செசில் சப்னு ஒரு உள்ளூர்க்காரர் 6,600 பவுண்டுக்கு எடுத்தாரு. வேற ஏதோ சாமான் வாங்கத்தான் போனாருன்னு ஒரு கதை உண்டு. 1918ல நாட்டுக்கே கொடுத்துட்டாரு, டிக்கெட் ஒரு ஷில்லிங்குக்கு மேல போகக்கூடாதுன்னு கண்டிஷனோட. இன்னிக்கு விலையைப் பாத்தா மனுஷன் மயங்கி விழுந்துருவாரு. சுத்துவட்டார ஊர்க்காரங்களுக்கு மட்டும் இன்னும் ஃப்ரீ.

காசே செலவு பண்ண மாட்டேன்னு இருக்கிறவங்களுக்கு, கல்லுக்குப் பக்கமாவே ஒரு மண் பாதை போகுது, பொது வழி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நல்லாவே பாக்கலாம்.

சாப்பாடு கட்டிட்டுப் போங்க. அங்க கஃபே இருக்கு, சைவத்துக்கும் ஏதோ இருக்கும், ஆனா விலையும் கியூவும் தாங்காது. நாங்க எலுமிச்சை சாதம் கொண்டு போயி பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டோம், காக்கா மாதிரி ஜாக்டான்னு ஒரு பறவை வந்து பங்கு கேட்டுச்சு, அது அந்தக் கல்லு இடுக்குலதான் கூடு கட்டும்.

கார் இருந்தா: ஏவ்பரி

கார் இருக்கிறவங்க வடக்கால ஒரு மணி நேரத்துக்குள்ள ஏவ்பரி போயிடலாம். பஸ்ஸுல வரணும்னா சாலிஸ்பரியை விட சுவிண்டன்ல இருந்து வர்றது சுலபம், அதை வேற நாளா வச்சுக்கோங்க. உலகத்துலயே பெரிய கல்வட்டம் இதுதான், ஒரு கிராமமே உள்ள இருக்கு, நடுவுல ரோடு போகுது, ஒரு பப் கூட இருக்கு. கயிறு கெடையாது, டிக்கெட் கெடையாது, கல்லைத் தொடலாம், சாஞ்சு உக்காரலாம், ஆடு மேயும். பார்க்கிங்குக்கு மட்டும் காசு. 1930கள்ல மார்மலேட் கம்பெனி வாரிசு அலெக்சாண்டர் கீலர் புதைஞ்சு கெடந்த கல்லுங்களைத் தோண்டி நிறுத்தினாரு, ஒரு கல்லுக்கு அடியில 14ஆம் நூற்றாண்டு ஆளோட எலும்புக்கூடு கெடைச்சுது, பையில கத்தரிக்கோல், காசோட. கல்லைப் புதைக்கப் போனவன் மேலயே கல்லு சாஞ்சிருச்சுன்னு அப்போ சொன்னாங்க.

பக்கத்துல சில்பரி ஹில், ஐரோப்பாவுலயே பெரிய ஆதிகால செயற்கைக் குன்று, ஏற விடமாட்டாங்க, ரோட்டுல இருந்தே பாத்துக்கோங்க. அதுக்கு எதிர்ல வயல் வழியா ஏறினா வெஸ்ட் கென்னட் லாங் பாரோ, ஸ்டோன்ஹென்ஜ் கல்லை விட ஆயிரம் வருஷம் பழைய சமாதி அறை, உள்ளயே நுழையலாம், ஆளே இருக்க மாட்டாங்க, காவலும் கெடையாது. ஃபோன் டார்ச்சை போட்டுக்கோங்க, தலை இடிக்காம குனிஞ்சு போங்க, கார்ல ஒரு ஜோடி மாத்து ஷூ வச்சுக்கோங்க, அந்த சுண்ணாம்புச் சேறு ஒட்டினா வாடகைக் கார் மேட்டுல இருந்து எடுக்கவே முடியாது.